எந்த வண்டூர்?
மடிக்கணினியில் வழி தேடிப் பயணம் செல்வோருக்குச் சில குறிப்புகள்

தெற்கு அந்தமானின் தென்மேற்குக் கரையில் வண்டூர் என்றொரு சிற்றூர் உள்ளது. மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவின் நுழைவாயில் அதுவே. போர்ட் பிளேரில் தங்கியிருந்த நாங்கள், மறுநாள் காலை அங்குச் செல்லும் வழியை முந்தைய இரவே குறித்து வைக்க எண்ணி, மடிக்கணினியில் இருந்த வழிகாட்டி மென்பொருளில் ஊரின் பெயரைத் தட்டச்சு செய்தோம். மென்பொருள் நொடிப்பொழுதில் விடையளித்தது. ஆனால் அது காட்டிய வண்டூர் அந்தமானில் இல்லை. கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் இருந்தது!

பிழை மென்பொருளினுடையது மட்டுமன்று. அதற்குப் பின்னால் ஒரு வரலாறும் உண்டு. 1921ஆம் ஆண்டின் மலபார் கிளர்ச்சிக்குப் பின் மாப்பிளாக்கள் பலர் அந்தமானுக்குக் கைதிகளாக அனுப்பப்பட்டனர். பின்னர் குடும்பங்களுடன் அங்கேயே குடியமர்ந்தவர்கள், விட்டு வந்த ஊர்களின் பெயர்களைப் புதிய மண்ணுக்குச் சூட்டினர். கோழிக்கோட்டைக் குறிக்கும் காலிகட், மஞ்சேரி, திரூர், வண்டூர் எனத் தெற்கு அந்தமானில் இன்றும் ஒரு குட்டி மலபார் இருக்கிறது. வியப்பு என்னவெனில், இரண்டு வண்டூர்களும் 11 பாகைக்கும் 12 பாகைக்கும் இடைப்பட்ட வட அட்சத்திலேயே அமைந்துள்ளன. தீர்க்கக்கோடுதான் வேறு: ஒன்று 76 பாகையில், மற்றொன்று 92 பாகையில். இடையே உள்ள தொலைவு ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி வங்காள விரிகுடா.

அன்றிரவு சிரித்துவிட்டுப் பெயரைத் திருத்திக்கொண்டோம். ஆயினும் அடுத்து வந்த நாட்களின் அனுபவம் ஒன்றை உணர்த்தியது: எந்த மென்பொருள் சிறந்தது என்று கேட்பதைவிட, நாம் செல்லவிருக்கும் சாலைக்கு எது பொருந்தும் என்று கேட்பதே முறையான கேள்வி.

இணையம் வேறு, ஜி.பி.எஸ். வேறு

முதலில் ஒரு பொதுவான மயக்கத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். இணையம் இல்லாவிட்டால் ஜி.பி.எஸ். இயங்காது என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவரும் செயற்கைக்கோள்கள் ஒலிபரப்பும் நேரக்குறியீடுகளை ஒரு ரிசீவர் கேட்டுக்கொண்டிருக்கிறது. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் குறியீடு கிடைத்தால் தன் இருப்பிடத்தை அது கணித்துவிடும். வானொலிப்பெட்டி போல அது கேட்பது மட்டுமே. எதையும் அனுப்புவதில்லை, இணையத்தையும் நாடுவதில்லை. அமெரிக்க அரசு, பொதுமக்களுக்கான குறியீட்டில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை 2000ஆம் ஆண்டு மே மாதம் நீக்கிய பின், திறந்த வெளியில் சில மீட்டர் துல்லியம் எளிய கருவிக்கும் கிட்டுகிறது. நம் நாட்டின் நாவிக் அமைப்பும், விமானப் போக்குவரத்துக்காக இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் இணைந்து நிறுவிய ககன் அமைப்பும் இப்பரப்புக்குத் துணை நிற்கின்றன. ககன் அமைப்பின் தரைநிலையங்களுள் ஒன்று போர்ட் பிளேரிலேயே உள்ளது.

அப்படியானால் இணையம் எதற்கு? வரைபடத்துக்கு. நாம் எங்கே நிற்கிறோம் என்பதைச் செயற்கைக்கோள் சொல்லும். அந்த இடத்தில் சாலை இருக்கிறதா, அது எங்கே செல்கிறது என்பதை வரைபடமே சொல்ல வேண்டும். உலாவியில் திறக்கும் வரைபடங்கள் அதை ஒவ்வொரு துண்டாக இணையத்திலிருந்து இறக்குகின்றன. கூகுள் மேப்ஸில் இணையமில்லாப் பயன்பாட்டுக்கென வரைபடத்தைச் சேமித்து வைக்கும் வசதி கைப்பேசிச் செயலியில்தான் உண்டு. மடிக்கணினி உலாவியில் இல்லை.

சென்னையையும் அந்தமானையும் இணைக்கும் 2,312 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கண்ணாடியிழை வடம் 2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. அதுவரை செயற்கைக்கோள் வழியாக மட்டுமே வந்த இணையத்தின் வேகம் அதன் பின் தீவுகளில் பெரிதும் உயர்ந்தது. ஆயினும் நகரைக் கடந்து காட்டுச் சாலையில் நுழைந்ததும் அலைவரிசை தேய்ந்து மறைகிறது. வால்பாறையின் மலைப்பாதையில், லடாக்கின் கணவாய்களில், கட்ச் உப்பளத்தில் பயணிப்போருக்கும் இதே நிலைதான். ஆகவே மடிக்கணினி மென்பொருளுக்கான முதல் தகுதி, இணையத்தைத் துண்டித்த பின்னும் வரைபடத்தைக் காட்டுவதும் புதிய வழியைக் கணக்கிடுவதும் ஆகும்.

சந்தையில் இருப்பவை, இல்லாமற்போனவை

மடிக்கணினியை வழிகாட்டியாகக் கொள்ளும் வழக்கம் புதிதன்று. மைக்ரோசாஃப்டின் ஸ்ட்ரீட்ஸ் அண்ட் ட்ரிப்ஸ், ஆட்டோரூட் போன்றவை குறுந்தகட்டில் வந்து, யூ.எஸ்.பி. ரிசீவருடன் அமெரிக்க, ஐரோப்பியச் சாலைகளில் உலவின. 2014ஆம் ஆண்டின் இறுதியில் அவற்றின் விற்பனை நின்றது. விண்டோஸுடன் வந்த மேப்ஸ் செயலியும் 2025இல் கைவிடப்பட்டது. இதிலிருந்து ஒரு பாடம் கிடைக்கிறது: பணம் கொடுத்து வாங்கும் மென்பொருளானாலும் அதன் ஆயுள் நம் கையில் இல்லை. நாம் சேர்த்துவைக்கும் வழித்தடங்களும் இடக்குறிப்புகளும் ஜி.பி.எக்ஸ். என்னும் பொதுக் கோப்பு வடிவில் வெளியேற வழியிருக்க வேண்டும். அவ்வாறு இருந்தால் ஒரு மென்பொருள் மறைந்தாலும் நம் குறிப்புகள் மறையா.

இன்று கிடைப்பவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது வகை, கூகுள் மேப்ஸ், மேப்மைஇந்தியாவின் மேப்பிள்ஸ் போன்ற உலாவி வரைபடங்கள். தங்குமிடத்தில் இணையம் இருக்கும்போது பெரிய திரையில் பயணத்தைத் திட்டமிட இவை மிகவும் ஏற்றவை.

இரண்டாவது வகை, திட்டமிடுவதற்கான கணினி மென்பொருள்கள். கார்மின் நிறுவனத்தின் பேஸ்கேம்ப், திறமூல மென்பொருளான க்யூமேப்ஷாக் ஆகியவை இவ்வகையின. வரைபடத்தைக் கணினியிலேயே நிறுவிக்கொண்டு, நாள்வாரியாக வழித்தடம் வகுத்து, கைக்கருவிக்கு மாற்றலாம். இவற்றுக்குப் பெரும்பாலும் பயன்படுவது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். 2004ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தொடங்கிய இத்திட்டத்தில் உலகெங்குமுள்ள தன்னார்வலர்கள் தாமே வரைபடம் வரைந்து, யாவரும் பயன்படுத்த விட்டிருக்கின்றனர். தமிழ்ப் பெயர்களையும் இதில் சேர்க்க முடியும். இந்தியாவுக்கான கோப்பு சில தளங்களில் மண்டலவாரியாகப் பிரித்து வழங்கப்படுவதால், தீவுகள் எந்தத் தொகுப்பில் உள்ளன என்று பார்த்து இறக்க வேண்டும்.

மூன்றாவது வகை, ஓடும் வண்டியின் இருப்பிடத்தைத் திரையில் தொடர்ந்து காட்டுபவை. சாலைக்கு நேவிட், நிலப்பட ஆய்வுக்கு க்யூஜிஐஎஸ், கடற்பயணத்துக்கு ஓப்பன்சிபிஎன் ஆகியவற்றைச் சொல்லலாம். மூன்றும் திறமூல மென்பொருள்கள். உரிமக் கட்டணம் இல்லை.

இங்கே கருவியைப் பற்றியும் ஒரு சொல். பெரும்பாலான மடிக்கணினிகளில் ஜி.பி.எஸ். சில்லு கிடையாது. அவை அருகிலுள்ள வைஃபை இணைப்புகளை வைத்து, இணையத்தின் துணையுடன் இருப்பிடத்தை ஊகிக்கின்றன. காட்டுக்குள் இந்த ஊகம் பயன்படாது. சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் யூ.எஸ்.பி. ரிசீவர் ஒன்றைப் பொருத்தி, முன்கண்ணாடியை ஒட்டி வானம் தெரியும்படி வைத்தால் போதும். அது என்.எம்.இ.ஏ. என்னும் பொது நெறியில் தகவல் அனுப்புகிறதா என்பதை மட்டும் வாங்கும்போது கேட்டுக்கொள்ள வேண்டும். மேற்சொன்ன மூன்றாம் வகை மென்பொருள்கள் அந்நெறியை அறியும்.

ஓர் எச்சரிக்கையையும் இங்கே சொல்ல வேண்டும். இருப்பிடத்தை அறியும் ரிசீவருக்குத் தடை இல்லை. ஆனால் செயற்கைக்கோள் வழியே பேசும் அல்லது செய்தி அனுப்பும் கருவிகளை உரிய அனுமதியின்றி இந்தியாவில் வைத்திருப்பது சட்டப்படி குற்றமாகும். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் நல்லெண்ணத்தோடு வாங்கி வரும் கருவி எந்த வகையைச் சேர்ந்தது என்பதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

வரைபடம் சொல்லாதவை

வண்டூர் பயணத்துக்கு அடுத்த நாள், வடக்கு நோக்கிப் பாராடாங் செல்லப் புறப்பட்டோம். மென்பொருள் தொலைவைக் கணக்கிட்டு, சென்றடையும் நேரத்தையும் நிமிடம் தவறாமல் சொன்னது. ஆனால் அந்தமான் பெருஞ்சாலை ஜிர்காடாங் சோதனைச் சாவடிக்கு அப்பால் ஜாரவா பழங்குடியினரின் காப்புப் பகுதியைக் கடந்து செல்கிறது. குறித்த நேரங்களில் மட்டுமே வாகனங்கள் காவலுடன் வரிசையாக அனுமதிக்கப்படுகின்றன. வேகம் 40 கிலோமீட்டருக்கு மிகக்கூடாது. வண்டியை நிறுத்தவோ முந்தவோ கூடாது. பழங்குடியினரைப் படம் பிடிப்பது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். வாகனத்தில் பொருத்திய கேமராவையும் அணைத்துவிடுவதே முறை. நேர அட்டவணையை முன்கூட்டியே விசாரிக்காமல் திரையை நம்பிய நாங்கள், சில நிமிடத் தாமதத்தில் ஒரு வரிசையைத் தவறவிட்டு, அடுத்ததற்காக மணிக்கணக்கில் காத்திருந்தோம். தேநீர்க் கடையில் தமிழ் பேசிய பெரியவர் ஒருவர், “மேப்பு ரோட்டைத்தான் காட்டும் தம்பி, கேட்டு எப்பத் திறக்கும்னு காட்டாது” என்றார். இக்கட்டுரையின் சாரமும் அதுவே.

அப்பால் மிடில் ஸ்ட்ரெய்ட்டில் சாலை நீரில் முடிகிறது. வாகனத்தைப் படகில் ஏற்றியே அக்கரை சேர வேண்டும். அதற்கு வடக்கே ஹம்ஃப்ரீ நீரிணையில் முன்பு படகு. இப்போது ஆசாத் ஹிந்த் ஃபௌஜ் சேது என்னும் பாலம் உள்ளது. பழைய வரைபடம் பாலத்தைக் காட்டாது. கவனமற்ற வரைபடம் படகுத்துறையையும் சாலையாகவே காட்டிவிடும். வண்டூரிலும் இத்தகைய நுணுக்கங்கள் உண்டு. 1983இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் பூங்காவில் ஜாலி பாய், ரெட் ஸ்கின் ஆகிய இரு தீவுகளைப் பருவத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றியே பயணிகளுக்குத் திறக்கின்றனர். பவளப்பாறைகளுக்கு ஓய்வளிப்பதே இதன் நோக்கம். வாரத்தில் திங்கட்கிழமை விடுமுறை. திரையில் இரு தீவுகளும் எந்நாளும் திறந்திருப்பவை போலவே தோன்றும்.

பொழுதும் கணக்கில் வர வேண்டும். இந்திய நேரம் 82½ பாகைத் தீர்க்கக்கோட்டை வைத்துக் கணிக்கப்படுகிறது. அந்தமான் அதற்குப் பத்துப் பாகை கிழக்கே இருப்பதால், கடிகாரம் காட்டுவதைவிடக் கதிரவன் சுமார் 40 நிமிடம் முந்தியே நடக்கிறது. டிசம்பரில் மாலை 5 மணியளவிலேயே இருள் சூழத் தொடங்கும். மாலை 6 மணிக்குச் சேரலாம் என்று மென்பொருள் சொன்னால், இருளில் சேர்வோம் என்று நாம் பொருள்கொள்ள வேண்டும்.

நிலம் நகர்ந்த கதை

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று நேர்ந்த நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தீவுகளின் உருவத்தையே மாற்றின. தெற்கு அந்தமானில் நிலம் தாழ்ந்தது. வடக்கு அந்தமானின் சில கரைகள் உயர்ந்தன. நாட்டின் தென்கோடியான இந்திரா முனை 4 மீட்டருக்கும் மேல் கீழிறங்கியது. போர்ட் பிளேரிலிருந்து வண்டூர் செல்லும் வழியில் உள்ள சிப்பிகாட்டில், முன்பு விளைநிலமாக இருந்த பரப்பில் கடல்நீர் ஏறியது. தீவுகளே பக்கவாட்டில் மீட்டர் கணக்கில் நகர்ந்ததை ஜி.பி.எஸ். அளவீடுகள் காட்டின. 2004க்கு முந்தைய வரைபடம் இங்கே ஒரு பழைய நிழற்படம் மட்டுமே.

காகித வரைபடத்தை வருடி மடிக்கணினியில் ஏற்றுவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்தியாவின் நில அளவை நமது சென்னையோடு நெருங்கிய தொடர்புடையது. 1802ஆம் ஆண்டு வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலை அருகே அளந்த அடிக்கோட்டிலிருந்து மாபெரும் முக்கோண அளவை தொடங்கியது. அம்மரபில் வந்த பழைய வரைபடங்கள் எவரெஸ்ட் நீள்வட்டக் கணக்கைப் பின்பற்றுகின்றன, ஜி.பி.எஸ். பின்பற்றுவது டபிள்யூ.ஜி.எஸ். 84. மென்பொருளில் இந்த அமைப்பைச் சரியாகத் தேர்ந்தெடுக்காவிட்டால், புள்ளி நூறு மீட்டருக்கும் மேலாக விலகி விழும். கடலோரச் சாலையில் செல்லும் வண்டி திரையில் கடலுக்குள் ஓடுவது இதனாலும் நேரலாம்.

இவை வெறும் நுணுக்கங்களா என்ற ஐயம் எழலாம். 2024ஆம் ஆண்டு நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே, வெள்ளத்தில் ஒரு பகுதி அடித்துச் செல்லப்பட்ட பாலத்தின் மீது ஏறிய கார் ராமகங்கை ஆற்றில் விழுந்து மூவர் உயிரிழந்தனர். திரை காட்டிய வழியில் அவர்கள் சென்றதாகவே செய்திகள் வெளிவந்தன. திரையில் கோடு முழுமையாக இருந்தது. தரையில் பாலம் இல்லை. வரைபடம் பிழையாக இருக்கும் இடத்தில் விலை கொடுப்பது நேரம் மட்டுமன்று.

ஐந்து சோதனைகள்

எந்த மென்பொருளையும் பணம் செலுத்துவதற்கு முன் வீட்டிலேயே சோதித்துவிடலாம். எங்கள் அனுபவத்தில் தேறிய ஐந்து சோதனைகள் இவை:

1. பெயர்ச் சோதனை: நமக்கு வேண்டிய ஊரைத் தேடும்போது, அதே பெயருடைய பிற ஊர்களையும் மாநிலத்தோடு பட்டியலிடுகிறதா? பழைய பெயருக்கும் புதிய பெயருக்கும் விடை தருகிறதா? ஹேவ்லாக் 2018இல் சுவராஜ் தீவு ஆயிற்று. போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என அறிவிக்கப்பட்டது.

2. துண்டிப்புச் சோதனை: இணையத்தை அணைத்துவிட்டு, நாம் வழிமாறியதாகக் கொண்டு புதிய வழியைக் கேட்டுப் பார்க்க வேண்டும். பலவும் படத்தைக் காட்டும். சிலவே வழியைக் கணிக்கும்.

3. நீர்ச் சோதனை: படகுத்துறை உள்ள வழியைக் கொடுத்து, அதைத் தனியே சுட்டிக்காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும்.

4. தேதிச் சோதனை: வரைபடம் கடைசியாகப் புதுப்பிக்கப்பட்ட நாள் எங்கேனும் தெரிகிறதா?

5. வெளியேறும் சோதனை: வழித்தடத்தை ஜி.பி.எக்ஸ். கோப்பாகச் சேமித்துக் கைப்பேசியில் திறக்க முடிகிறதா? மடிக்கணினி பழுதானால் அந்தக் கோப்பே துணை.

வண்டிக்குள் மடிக்கணினி

மடிக்கணினியைப் பார்ப்பவர் ஓட்டுநராக இருத்தல் கூடாது. 2020இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகன விதிகள், கையடக்கக் கருவியை வழியறிய மட்டும், ஓட்டுநரின் கவனம் சிதறாத வகையில் பயன்படுத்த இடமளிக்கின்றன. மடிக்கணினியோ இன்னும் பெரிய திரை. அது உடன் வருபவரின் பொறுப்பு. முன் இருக்கையில் காற்றுப்பை விரியும் இடத்தில் அதை நிறுத்தி வைப்பது ஆபத்து. பின் இருக்கையே பாதுகாப்பானது. மின்சாரத்துக்கு, கணினியின் தேவைக்கு ஏற்ற கார் சார்ஜரை வாங்க வேண்டும். புறப்படும் முன்பே அதை ஒரு மணி நேரம் இயக்கிப் பார்த்துவிடுவது நன்று.

பணப்பையையும் காப்போம்

வரைபட மென்பொருளைப் புதுப்பிக்குமாறு கூறி வரும் மின்னஞ்சல் இணைப்புகளையும், தேடலில் முதலில் தோன்றும் விளம்பரங்களையும் சொடுக்காமல், தயாரிப்பாளரின் தளத்துக்கு நேரடியாகச் செல்ல வேண்டும். ஆண்டுச் சந்தா தானாகவே புதுப்பிக்கப்படுமா என்பதையும் பார்க்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் நெறிமுறைப்படி, அட்டை வழித் தொடர் கட்டணம் கழிக்கப்படுவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக அறிவிப்பு வர வேண்டும். அந்தக் குறுஞ்செய்தியைப் படிக்காமல் அழித்துவிட வேண்டா. பயணம் முடிந்தபின் தேவையில்லாத சந்தாவை நிறுத்தும் வாய்ப்பு அதில் உள்ளது. பண மோசடி நேர்ந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழைத்து, வங்கிக் கிளைக்கும் தெரிவிக்க வேண்டும். அலைவரிசை இல்லாத ஊர்களில் கைப்பேசி வழிப் பணம் செலுத்துதலும் நின்றுவிடக்கூடும் என்பதால், இரண்டு நாள் செலவுக்கான ரொக்கத்தைக் கையில் வைத்திருப்பது நலம்.

தீவுகளிலிருந்து திரும்பும் நாளில் எங்கள் மடிக்கணினியில் இரண்டு வண்டூர்களும் தனித்தனிக் குறிகளாக இடம்பெற்றிருந்தன. அவற்றோடு, வாகன வரிசை நேரங்கள், படகுத்துறைகள், திங்கள் விடுமுறை என நாங்களே எழுதிச் சேர்த்த குறிப்புகளும் இருந்தன. நல்ல மென்பொருள் என்பது இத்தகைய குறிப்புகளுக்கு இடம் கொடுப்பது; நல்ல பயணி என்பவர் அவற்றை ஊராரிடம் கேட்டு எழுதிக்கொள்பவர். அடுத்த விடுமுறைக்கு நீங்கள் புறப்படும்போது, வழி கேட்கக் கருவி இருக்கட்டும், வாயும் இருக்கட்டும். பயணம் இனிதாகுக!